தளர்ந்த இணைப்பும் பழுதுபார்க்கும் உரிமையும்

திருப்பதியில் என் அறையில் பல ஆண்டுகளாக உழைத்துவந்த வாக்குவம் கிளீனர் ஒன்று, சென்ற மாதம் விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும். சேவை மையத்தில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய மாடல், உதிரிபாகம் கிடையாது, புதிது வாங்குங்கள் என்பதே விடையாக இருந்தது.

ஊருக்குச் சென்றபோது அதைச் சித்தூருக்கு எடுத்துச் சென்றேன். மிக்ஸியும் கிரைண்டரும் பழுதுபார்க்கும் பெரியவர் மூடியைக் கழற்றினார். வயரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, அங்குலம் அங்குலமாக அசைத்துப் பார்த்தார். வயர் இயந்திரத்துக்குள் நுழையுமிடத்தில் செம்பு இழைகள் பெரும்பாலும் அறுந்திருந்தன; சுவிட்சோடு சேரும் முனை தளர்ந்து கருகியிருந்தது. கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, புது முனையை அழுத்திப் பொருத்தி, வயர் இழுபடாதவாறு கவ்வியை இறுக்கினார். “மோட்டார் நல்லாத்தான் இருக்கு சார், கரண்ட் போற வழிதான் கெட்டுப்போச்சு” என்றார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

இதைச் சிறு பழுது என்று அலட்சியப்படுத்துவதற்கில்லை. 230 வோல்ட்டில் ஓடும் 1000 வாட் இயந்திரம் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. தளர்ந்த இணைப்பில் ஓர் ஓம் மின்தடை தோன்றினால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் சுமார் 19 வாட் வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் உலோகப் பரப்பு ஆக்சைடாகும். அதனால் தடை மேலும் கூடும். தடை கூட வெப்பமும் கூடும். இறுதியில் பிளாஸ்டிக் உருகித் தீப்பற்றவும் கூடும். ஆகவே, இழைகளை முறுக்கி டேப் சுற்றுவது பழுதுநீக்கம் ஆகாது. பயிற்சியற்றோர் திறப்பது ஆபத்து என நிறுவனங்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஆபத்துக்குத் தீர்வு, பயிற்சியையும் வரைபடத்தையும் உதிரிபாகத்தையும் வழங்குவதே. இயந்திரத்தைக் குப்பையில் எறியச் சொல்வதன்று.

இந்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை 2022 ஜூலையில் அமைத்தது. பின்னர் தொடங்கப்பட்ட இணையதளத்தில் வீட்டு உபயோகப் பொருள்களுக்கும் இடமுண்டு. எனினும் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் இடும் குறியீட்டுக்கு 2025இல் அளிக்கப்பட்ட பரிந்துரையோ கைபேசிகளையும் டேப்லெட்களையுமே முதலில் எடுத்துக்கொள்கிறது. பிரான்சில் 2021இல் நடைமுறைக்கு வந்த இத்தகைய குறியீட்டில், 2022 நவம்பரிலேயே வாக்குவம் கிளீனரும் சேர்க்கப்பட்டுவிட்டது. ஒரு ஸ்குரூடிரைவரும் மல்டிமீட்டரும் கொண்டு சீராக்கத்தக்க பொருள்களை நாம் ஏன் பின்வரிசையில் நிறுத்துகிறோம்? வீட்டு உபயோகக் கருவிகள் முதற்பட்டியலிலேயே இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் டைக்கின், புளூ ஸ்டார் போன்ற நிறுவனங்கள் ஏ.சி. இயந்திரங்களை உற்பத்தி செய்கின்றன. உற்பத்திக்குத் தேவையான கல்வி பெருகுகிறது. செய்த பொருளை நெடுநாள் வாழவைக்கும் கல்வியோ பாடத்திட்டத்தின் விளிம்பில்கூட இல்லை. அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லுதல், ஒவ்வொரு ஐயத்தையும் அளந்து விலக்குதல், திருத்தியபின் மீண்டும் சோதித்தல் என ஆய்வு நெறிமுறையாக நாம் வகுப்பில் கற்பிப்பதை அந்தப் பெரியவர் ஒரு மரப்பலகையின்மேல் செய்துகாட்டினார். அவருக்குப் பின் அந்தக் கடையில் அமர எவருமில்லை. பொறியியல் மாணவர்கள் ஒரு பருவத்தில் சில வாரங்களேனும் இத்தகைய கடைகளில் பயின்று, கண்ட பழுதுகளைப் பதிவுசெய்து மதிப்பெண் பெறும் ஏற்பாட்டை நம் துறைகள் செய்ய இயலாதா? சட்டம் உரிமையைத் தரலாம். அந்த உரிமையைப் பயன்படுத்தும் கைகளை நாம்தான் உருவாக்க வேண்டும்.