எடிட்டருக்கு அனுப்பும் முன்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து விடுதிக்கு வந்து, செல்போனிலேயே நாவல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு இது. கம்பெனி பஸ்ஸில் போன் தொலைந்தால் நாவலும் போயிற்று. ஒரே படி மட்டும் இருந்தால் இதுதான் கதி. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். அச்சான நூல்களில் பலவற்றை மறுபடி வாங்க முடிந்தது. வேறு படியில்லாத ஏட்டுச்சுவடிகள் போனது போனதுதான். எடிட்டரிடம் ஒரு பிரதி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது அவர் கைபட்ட பிரதி. அவர் வெட்டிய பத்தியை ஆறு மாதம் கழித்து நீங்களே தேடுவீர்கள். அனுப்பும் ஒவ்வொரு வடிவத்துக்கும் கோப்பின் பெயரிலேயே தேதி போடுங்கள். திருத்தி வந்ததை அதன்மேல் சேமிக்காமல் தனியே வையுங்கள். ஒரு படி மின்னஞ்சலில், இன்னொன்று பென் டிரைவில். அந்தப் பென் டிரைவ் ஊரில் அம்மாவிடம் இருக்கட்டும். இன்றைக்கே செய்துவிடுங்கள்.