பட்டாள முகாமில் 5ஜி: ரேடாருக்கும் செல்போனுக்கும் மல்லுக்கட்டு!

பஸ்சில் போகும்போது போனில் படம் நின்னுபோச்சுன்னா நமக்குக் கோபம் வருது. பட்டாளத்துக்காரனுக்கோ சிக்னல் என்பது உயிர்ப் பிரச்சினை!

அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் 2020 அக்டோபரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. 5 ராணுவ தளங்களில் 5ஜி சோதனை. செலவு 60 கோடி டாலர்!

எங்கே? எதுக்கு?

ஆல்பனி, சான்டியாகோ ஆகிய 2 தளங்களிலும் குடோன் வேலை. எந்தச் சாமான் எங்கே இருக்கு, எது வெளியே போச்சு என்று உடனுக்குடன் கணக்குப் பார்க்க.

லூயிஸ்-மெக்கார்டு தளத்தில் சிப்பாய்களுக்குப் பயிற்சி. கண்ணாடி மாதிரி ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் கண் முன்னே போலிப் போர்க்களம்!

நெவாடா மாநிலம் நெல்லிஸில் வேறு கதை. தளபதிகளின் கட்டளை மையம் ஒரே இடத்தில் இருந்தால் எதிரி ஒரே குண்டில் முடித்துவிடுவான். அதைப் பிரித்து, இடம் மாற்றிக்கொண்டே நடத்த முடியுமா என்று பரீட்சை.

நிஜச் சண்டை

நிஜமான சண்டை யூட்டா மாநிலத்தின் ஹில் விமானப்படை தளத்தில்தான். 3,100 முதல் 3,450 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை ராணுவ ரேடார்கள் இயங்கும் இடம். செல்போன் கம்பெனிகளுக்கும் அது மேலேதான் கண். தூரமும் போகும், வேகமும் கிடைக்கும்!

ஒரே வீட்டில் ரெண்டு குடித்தனம். ரேடாரும் 5ஜியும் முட்டிக்காம இருக்குமா? அதைத்தான் ஹில்லில் பார்க்கக் கிளம்பினார்கள்.

ஏன் இத்தனை போட்டி? பக்கத்து வீடான 3,450-3,550 அலைவரிசை, 2022 ஜனவரியில் முடிந்த ஏலத்தில் சுமார் 2,200 கோடி டாலருக்குப் போனது. இப்போ புரியுதா?

ஆனால் 2025 ஜூலையில் வந்த சட்டம் 3,100-3,450 பகுதியை ஏலத்தில் இருந்து விலக்கி வைத்துவிட்டது. இந்த ரவுண்டில் ஜெயம் பட்டாளத்துக்கே!

காட்டிக் கொடுக்கும் போன்

இன்னொரு ஆபத்தும் இருக்கு. சிக்னல் கிளம்பினால், கிளம்பிய இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

2023 புத்தாண்டு இரவு. உக்ரைனில் ரஷியா பிடித்து வைத்திருந்த மகிவ்கா ஊர். ரஷிய சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் ராக்கெட் விழுந்தது. ரஷியா ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 89!

தடையை மீறி சிப்பாய்கள் செல்போன் பேசியதுதான் காரணம் என்றது ரஷிய ராணுவம். அத்தனை பேரை ஒரே கட்டிடத்தில் அடைத்த அதிகாரிகள், செத்தவன் தலையில் பழி போடுறாங்க என்று ரஷியாவிலேயே சிலர் கொதித்தார்கள்.

யார் சொல்வது சரியானாலும் பாடம் ஒன்றுதான். குடோனில் 5ஜி லாபம். போர் முனையில் அதே 5ஜி எதிரிக்கு விலாசம் சொல்லும்!

60 கோடி டாலர் கொட்டி சிக்னலை வரவழைக்கலாம். எப்போ அதை அணைக்கணும் என்று தெரிந்த சிப்பாய்தான் வீடு திரும்புவான்.