ஆறு முகம், ஓர் உள்ளம்

தைப்பூசத் திருநாளன்று பத்துமலையின் 272 படிகளிலும் மஞ்சள் ஆடை உடுத்திய அடியார் கூட்டம் அலையலையாய் ஏறுகின்றது. பினாங்குத் தண்ணீர்மலையின் 513 படிகளிலும் அதே காட்சி. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை பால்குடங்களும் காவடிகளும் வரிசை பிடித்துச் செல்கின்றன.

அந்தக் கூட்டத்தில் வழக்குரைஞர் யார், லாரி ஓட்டுநர் யார், முதலாளி யார், தொழிலாளி யார் என்று பிரித்தறிய இயலாது. காலணி இல்லாத கால்கள், திருநீறு துலங்கும் நெற்றிகள், முருகன் திருநாமம் ஒலிக்கும் வாய்கள். ஆண்டு முழுவதும் சுமந்து திரியும் பட்டத்தையும் பதவியையும் செருப்போடு சேர்த்து மலையடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டு, வேலவன் முன்னிலையில் அனைவரும் வெறும் அடியார்களாக நிற்கும் நாள் இது.

ஆனால், படியிறங்கி வந்து செருப்பை மாட்டிக்கொண்ட பின்னர் நடப்பது என்ன? விரதம் முடிந்த மறுநாள் அதே மனிதர் வீட்டிலும் வேலையிடத்திலும் எப்படி நடந்துகொள்கிறார்? இக்கேள்வியை வெளியார் கேட்பதைவிட வீட்டிலுள்ள இளையோரே அதிகம் கேட்கின்றனர். "கோயிலில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம், இதற்கு ஏன் கோயில்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அதற்கு விடை கூறும் பொறுப்பு பெரியவர்களுக்கு உண்டு. அப்பிள்ளையை அதட்டி அடக்குவது விடையாகாது.

முகங்கள் பல இருப்பது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு மனிதருக்குப் பல முகங்கள் இருப்பதாலேயே அவர் போலி ஆகிவிடமாட்டார். அலுவலகத்தில் அதிகாரியாகப் பேசும் பேச்சை வீட்டில் மகளிடம் பேச முடியாது. நோயாளியின் முன் மருத்துவர் தம் சொந்தக் கவலையை மறைத்துக்கொண்டு புன்னகைக்கிறார். மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்று உள்ளுக்குள் தவிக்கும் தாய், பிள்ளைகளுக்கு முன்னால் கலகலப்பாகச் சோறு பரிமாறுகிறாள். இவையெல்லாம் வஞ்சனையா? இல்லை. அந்தந்த இடத்துக்குரிய கடமையை அந்தந்த முகத்தோடு ஆற்றும் பண்பாடு அது.

முருகப் பெருமானுக்கே ஆறு முகங்கள். அந்த ஆறு முகங்களும் என்னென்ன செய்கின்றன என்பதை நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை வரிசைப்படுத்திச் சொல்கிறது. ஒரு முகம் உலகின் இருளை நீக்குகிறது. ஒரு முகம் அன்பர்க்கு வரம் தருகிறது. ஒரு முகம் வேள்வியைக் காக்கிறது. ஒரு முகம் மறைபொருளை விளக்குகிறது. ஒரு முகம் போர்க்களத்தில் பகை முடிக்கிறது. ஒரு முகம் வள்ளியை நோக்கி முறுவலிக்கிறது. முகம் ஆறாயினும் அவற்றின் பின்னே உள்ள அருள் உள்ளம் ஒன்றே.

வேடம் புனைவதும் அப்படியே. வள்ளியை நாடித் தினைப்புனம் சென்ற பெருமான் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவராகவும் உருமாறினார் என்று கந்தபுராணம் கூறுகிறது. அந்த வேடங்களால் வள்ளி இழந்தது ஒன்றுமில்லை, பெற்றதோ பேரருள். ஆகவே முகங்கள் எத்தனை என்று எண்ணுவதில் பயனில்லை. முகத்துக்குப் பின்னே நிற்கும் நோக்கம் பிறரைக் காக்கவா, கவிழ்க்கவா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கவிழ்க்க வந்த வேடத்துக்கும் பெரியபுராணத்தில் சான்று உண்டு. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், மேனியெங்கும் திருநீறு பூசி, சிவனடியார் கோலத்தில் அரண்மனைக்குள் நுழைந்தான். ஆகமநூல் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, சுவடிக் கட்டுக்குள் மறைத்து வைத்திருந்த கத்தியால் மன்னரைக் குத்தினான். உயிர் பிரியும் வேளையிலும் அந்தக் கோலத்துக்கு மதிப்பளித்த நாயனார், அவனுக்கு எவரும் ஊறு செய்யாமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடுமாறு மெய்க்காவலன் தத்தனைப் பணித்தார்.

திருநீறு பூசிய ஒருவன் வஞ்சகனாக இருந்தான் என்பதால் நாயனார் திருநீற்றை வெறுக்கவில்லை. போலிகளைக் கண்டு மனம் கசந்து ஆலயத்தை விட்டே விலகிச் செல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. பிறர் பொய்யாக அணிந்தார் என்பதற்காக மெய்யான ஒன்றைக் கைவிடுவது, திருடன் நுழைந்தான் என்று சொந்த வீட்டை விட்டு வெளியேறுவதற்கு ஒப்பாகும்.

அதே வேளையில், நாயனாரின் கதையைக் கேடயமாக்கித் தவறுகளை மூடி மறைப்பதும் முறையன்று. அவர் விட்டுக்கொடுத்தது தம்முடைய சொந்த உயிரை. பக்தர்கள் உண்டியலில் இட்ட காசு எவருடைய சொந்தப் பொருளும் அன்று. அதற்குக் கணக்குக் கேட்பது அடியாரை அவமதிப்பதாகாது. கணக்குக் காட்டுவது நிர்வாகத்துக்குச் சிறுமையும் ஆகாது.

தவத்தை அடுத்து நிற்கும் எச்சரிக்கை

திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்துள்ள முறையை நோக்கினால் ஒன்று புலப்படும். 27 ஆம் அதிகாரம் தவம். அதனை அடுத்து 28 ஆம் அதிகாரமாக அவர் வைத்திருப்பது கூடாவொழுக்கம். தவத்தின் பெருமையைப் பேசி முடித்த உடனேயே, தவக்கோலத்தில் மறைந்து நின்று தவறு செய்வோரைப் பற்றி எச்சரிக்கிறார். தவம் உள்ள இடத்தில்தான் போலித் தவமும் முளைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். மதிப்பு இல்லாத நாணயத்தைப் போலியாக அச்சடிப்பார் எவருமில்லை.

தைப்பூசத்தை முன்னிட்டு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதம் இருப்போர் பலர். புலால் இல்லை, மது இல்லை, பாயில் படுக்கை, இரு வேளை நீராட்டு. போற்றத்தக்க கட்டுப்பாடு இது. ஆனால், 48 நாள் தொடாத மதுப் புட்டியை 49 ஆம் நாள் மாலையே திறந்துவைத்துக்கொண்டு, விட்ட கணக்கையெல்லாம் ஒரே இரவில் தீர்ப்பவரும் உண்டு. அந்த வீட்டு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த 48 நாள் என்னவாகத் தோன்றும்? ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் விடுமுறையாகத் தோன்றும். விரத நாளில் அடங்கியிருந்த கையும் வாயும் விரதம் முடிந்ததும் மீண்டும் நீளும் என்ற அச்சத்தோடு ஒரு குடும்பம் தைப்பூசத்தை எதிர்நோக்குமானால், அதைவிட வேதனையானது வேறில்லை.

இன்னொருவர் ஆலயத்தில் "எல்லாம் அவன் பிள்ளைகள்" என்று உருகிப் பேசுகிறார். அவருடைய வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஓய்வு நாள் கிடையாது. கடையில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியின் கடப்பிதழ் அவருடைய இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவர் தோளில் ஏந்திய காவடியைவிட அந்தத் தொழிலாளி நெஞ்சில் சுமப்பது கனமானது.

பிள்ளைகள் கற்கும் பாடமும் இத்தகையதே. தொலைபேசி ஒலிக்கும்போது "அப்பா இல்லை என்று சொல்" என்று மகனிடம் சொல்லிக் கொடுக்கும் தந்தை, மறுநாள் அதே மகன் தேர்வு மதிப்பெண்ணை மறைத்துவிட்டான் என்று சினம் கொள்கிறார். பொய்யைக் கற்றுக் கொடுத்தவர் தாமே என்பது அவருக்கு நினைவில்லை. மகனுக்கு நினைவிருக்கிறது.

கல்வெட்டும் கைப்பேசியும்

ஆலயத் திருப்பணிக்குக் கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிப்பதும், உபயதாரருக்கு மாலை அணிவித்துக் காளாஞ்சி வழங்குவதும் தொன்றுதொட்டு வரும் மரபு. அதில் தவறில்லை. கொடுத்தவர் பெயரைக் கண்டு மேலும் பலர் கொடுக்க முன்வருகிறார்கள். மாலை வரவில்லை என்பதற்காக அடுத்த ஆண்டு உபயத்தை நிறுத்திவிடும்போதுதான், முதலில் கொடுத்தது இறைவனுக்கா மாலைக்கா என்ற ஐயம் எழுகிறது.

பூசலார் நாயனார் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. திருநின்றவூரில் வாழ்ந்த அவரிடம் பொருள் இல்லை. மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் எழுப்பினார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய மன்னர் குடமுழுக்குக்குக் குறித்த நாளும், பூசலார் குறித்த நாளும் ஒன்றாக அமைந்தன. இறைவன் மன்னரின் கனவில் தோன்றி, அந்நாளில் தாம் பூசலார் கோயிலில் எழுந்தருளப் போவதால் வேறு நாள் குறிக்குமாறு பணித்தார்.

இக்கதையைச் சொல்வோர் ஏழை அடியாரின் மனக்கோயிலைப் போற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். மன்னரையும் கவனிக்க வேண்டும். இறைவன் அவருடைய கற்கோயிலை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. நாளை மாற்றச் சொன்னார், அவ்வளவே. மன்னரும் மானம் போயிற்று என்று கருதவில்லை. கல்லால் ஆன கோயில் எங்கே என்று தேடித் திருநின்றவூருக்கே சென்றார். உண்மை அறிந்ததும் அந்த ஏழை அடியாரின் காலில் விழுந்து வணங்கினார். முதல் மரியாதை வேறொருவருக்குச் சென்றபோது முகம் சுளிக்காமல் நின்ற அந்தத் தருணமே அவருடைய பக்தி மெய்யானது என்பதற்குச் சான்று.

இன்று கல்வெட்டைவிட விரைவாகப் பெயர் பரப்பும் கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அலகு குத்தும் நொடியிலும் கைப்பேசிக்கு முகம் காட்டுவோர் உண்டு. நினைவுக்காகப் படம் எடுப்பது இயல்பே. ஆனால், படம் சரியாக விழவில்லை என்று காவடியை நிறுத்தித் திரும்ப நடக்கச் சொல்லும்போது, காண வேண்டியவன் கருவறையில் இருக்கிறான் என்பது மறந்துபோகிறது. அதே நேரத்தில் அன்னதானக் கூடத்தின் பின்புறம் நள்ளிரவு கடந்தும் அண்டா கழுவிக்கொண்டிருக்கும் தொண்டரைப் படம் எடுக்க எவரும் செல்வதில்லை. அவர் அதை எதிர்பார்ப்பதும் இல்லை.

குறையுள்ளவர் போலி அல்லர்

இவற்றையெல்லாம் கேட்டு, "அப்படியானால் விரதமே வேண்டாம், நான் உள்ளதை உள்ளபடி காட்டுபவன், எனக்கு வேடம் தெரியாது" என்று பெருமை பேசுவோரும் இருக்கின்றனர். மனத்தில் தோன்றும் கடுஞ்சொல்லையெல்லாம் பிறர்மீது கொட்டிவிட்டு, அதற்கு வெளிப்படை என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். திருந்த மறுப்பதற்கு உண்மையைச் சாக்காக்குவதும் ஒருவகை வேடமே.

நெற்றியில் நீறிடக் கற்கும் குழந்தைக்கு அதன் பொருள் தெரியாது. தாயைப் பார்த்து அப்படியே செய்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் செயலுக்குள் பொருள் வந்து குடியேறுகிறது. நல்லொழுக்கம் அனைத்தும் முதலில் பழக்கமாகத் தொடங்கிப் பின்னரே இயல்பாகின்றன. பொறுமை இல்லாதவர் 48 நாள் பொறுமையோடு நடக்க முயன்றால் அது நடிப்பன்று, பயிற்சி. இடையில் ஒரு நாள் தவறி, அதற்காக வெட்கப்பட்டு, மறுநாள் மீண்டும் தொடங்குபவர் குறையுள்ளவர், போலி அல்லர். தவறியதை மறைத்துத் தவறாதவர் போல மேடையேறி மற்றவர்க்கு அறிவுரை கூறும்போதே போலித்தனம் தொடங்குகிறது.

தமிழில் மெய் என்ற சொல்லுக்கு உடல் என்றும் பொருள், உண்மை என்றும் பொருள். காவடி மெய்யால் சுமக்கப்படுவது. மெய் வருந்தச் சுமந்தது மெய்யாகவே உள்ளத்தில் இறங்கியதா என்பதை ஆலயத்தில் எவரும் அளக்க முடியாது. வீட்டில் உள்ளவர்கள் அளப்பார்கள். கடையில் வேலை செய்பவர் அளப்பார். கடன் கொடுத்தவர் அளப்பார். அவர்கள் யாருக்கும் தெரியாத இடத்தில் அவரவர் மனச்சான்றே அளக்கும்.

நேர்த்திக்கடன் செலுத்தியோர் காவடியை இறக்கி வைத்த பின்னர், 49 ஆம் நாளுக்கென ஒரே ஒரு செயலை மட்டும் கைக்கொள்ளட்டும். பாக்கி வைத்த சம்பளத்தைக் கொடுக்கலாம். பேசாதிருக்கும் தம்பியின் வீட்டுக் கதவைத் தட்டலாம். மனைவியிடம் மன்னிப்புக் கேட்கலாம். பூட்டி வைத்த கடப்பிதழை உரியவரிடம் ஒப்படைக்கலாம். படியேறியபோது கழற்றி வைத்த ஆணவத்தைப் படியிறங்கியதும் மீண்டும் மாட்டிக்கொள்ளாதிருக்கலாம்.

அலுவலகத்தில் ஒரு முகம், ஆலயத்தில் ஒரு முகம், அடுக்களையில் ஒரு முகம் இருக்கட்டும். அத்தனை முகங்களுக்கும் பின்னே உள்ளம் ஒன்றாக இருக்கட்டும். ஆறுமுகன் அடியார்க்கு அதுவே அழகு. வேலவன் திருவருள் அனைவர்க்கும் கிட்டுவதாக!