ஊசி நம்ம கையில், பென்சில் யார் கையில்?

2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகரத்தில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடவர் உடைக் காட்சியில் மாடல்கள் போட்டுக்கொண்டு நடந்த செருப்பைப் பார்த்த மாத்திரத்தில் மகாராஷ்டிரத்து ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். அது கோலாப்பூரி. நிறுவனமோ வெறும் ‘தோல் செருப்பு’ என்றுதான் சொல்லியிருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, இந்தியக் கைவினை மரபைப் பார்த்துத்தான் செய்தோம் என்று ஒப்புக்கொண்டது. கூடவே இன்னொன்றும் சொன்னது. அந்தச் செருப்பு இன்னும் வடிவமைப்பின் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறதாம், உற்பத்திக்கு முடிவாகவில்லையாம்.

டோர் சாதியார் பதனிட்ட தோலில், சம்பார் சாதியார் வெட்டித் தைக்க, வீட்டுப் பெண்கள் பின்னல் போட, தலைமுறை தலைமுறையாகக் காலில் கிடந்து உழைத்த செருப்பு அது. அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ பத்திரிகை தொடங்கியபோது பணம் கொடுத்து உதவிய சாகு மகாராஜாவின் ஊர்ச் செருப்பு. அதற்கு இன்னும் வடிவமைப்பே முடியவில்லையாம்! இதை வெறும் திமிர் என்று விட்டுவிட முடியவில்லை. இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு இலக்கணம் இருக்கிறது. மேஜை மேல் காகிதத்தில் நடந்தால் அது வடிவமைப்பு. திண்ணையில் குத்தூசியோடு நடந்தால் அது குலத்தொழில். முன்னதற்குப் பெயர் உண்டு, பின்னதற்குச் சாதிதான் உண்டு.

வடிவமைப்பு என்று எதைச் சொல்கிறார்கள்? மாணவத் தோழர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். லட்சம் ஜோடி ஷூ வெளியே வருவதற்கு முன்னால் ஒரே ஒரு ஜோடி பிறக்க வேண்டும். முதலில் லாஸ்ட் எனப்படும் கால் கட்டை. கால் எவ்வளவு அகலம், குதிகால் எவ்வளவு உயரம், விரல் எங்கே மடங்கும் என்பதெல்லாம் அந்தக் கட்டையில்தான் முடிவாகிறது. கட்டை மேல் காகித டேப்பை ஒட்டி, அதன் மேல் படம் வரைந்து, உரித்தெடுத்துத் தட்டையாக்கினால் பேட்டர்ன். இன்று கம்ப்யூட்டரிலும் செய்கிறார்கள். பேட்டர்னை வைத்துத் தோலை வெட்டி, தைத்து, சோல் ஒட்டி, ஒரு ஆள் காலில் மாட்டி நடக்க விட்டுப் பார்ப்பார்கள். இறுக்குகிறதா, சுருங்குகிறதா, எங்கே கிழிகிறது? திருத்துவார்கள், திரும்பவும் தைப்பார்கள். சரியென்றானதும் ஒரு அளவிலிருந்து மற்ற அளவுகளைப் பிரிப்பார்கள். 39 முதல் 45 வரை ஏழு அளவு என்றால் சோலுக்கு ஏழு அச்சு வேண்டும், வெட்டுவதற்கு அத்தனை டை வேண்டும். எத்தனை சதுர அடி தோல், ஒரு தையலுக்கு எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடுவார்கள். நேரம் அதிகம் பிடிக்கிற தையலை எடுத்துவிட்டுப் பசை போடுவார்கள். வாங்குகிற கம்பெனி ஒப்புக்கொண்ட சாம்பிளை முத்திரை போட்டு வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் லைன் ஓடும். தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நாள் முழுவதையும் ஆட்டிவைப்பது சாம்பிள் ரூமில் போட்ட அந்த நிமிஷக் கணக்குதான்.

இந்த வேலையில் பாதி, கையறிவு இல்லாமல் நகராது. என் சித்தப்பா ஆம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் சாம்பிள் ரூமில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து படம் வரும். படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சித்தப்பா தோலை விரலால் இழுத்துப் பார்ப்பார். “இந்தத் தையல மூணு மில்லி பின்னால தள்ளுங்க சார், இல்லாங்காட்டி விரல் மடங்குற எடத்துல கீஞ்சிடும்” என்பார். தள்ளுவார்கள். கிழியாது. சாம்பிள் சீட்டில் படம் வரைந்தவர் பெயர் இருக்கும், கம்பெனி எண் இருக்கும், மேனேஜர் கையெழுத்து இருக்கும். அந்த மூணு மில்லிக்கு மட்டும் பெயர் இருக்காது. அவருடைய சம்பளச் சீட்டில் ‘ஹெல்ப்பர்’ என்று போட்டிருந்தார்கள்.

வேலையைப் பிரித்திருப்பதுதான் சாதி என்று நியாயம் பேசியவர்களுக்கு அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதில் கொடுத்துவிட்டார். பிரிக்கப்பட்டது வேலை மட்டுமல்ல, மனுசர்களும்தான். நவீன தொழிற்சாலை இந்தப் பிரிவினையை உடைக்கும் என்று நம்பினோம். அது மாடிப்படி கட்டி வைத்திருக்கிறது. மேலே டிசைன், கீழே லைன்.

யார் காலுக்காகச் செருப்பு என்பதும் டிசைன்தான். இந்நாட்டில் ஷூவெல்லாம் வெள்ளைக்காரன் அளவில், ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தன. சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது 1948இல். நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் கால் அளந்து பார்த்தது 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில். நம் ஜனங்களின் கால் அகலம் என்று கண்டார்கள். புதிய அளவு முறைக்கு ‘பா’ என்று பெயர் வைத்தார்கள். இத்தனை வருஷம் நம்ம ஆளுங்க, கால்தான் கோணல் என்று நினைத்துக்கொண்டு கடித்த ஷூவைப் போட்டு நடந்தார்கள். கோணல் கட்டையில் இருந்தது.

வெறுங்காலில் நடந்து பழகிய கால் முன்பக்கம் விரிந்திருக்கும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வெறுங்காலில் யார் நடந்தார்கள், யார் நடக்க வைத்தார்கள் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. ஊருக்குச் செருப்புத் தைத்தவன் ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனான். திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் தலித்துகள் செருப்போடு கம்பள நாயக்கர் தெருவில் நடந்தது 2023 டிசம்பரில் செய்தியாயிற்று. 2023இல், தோழர்களே!

சரி, சட்டம் என்ன செய்கிறது? கோலாப்பூரிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் நாலு மாவட்டம், கர்நாடகத்தில் நாலு மாவட்டம். குறியீடு இரண்டு மாநில அரசுகளின் தோல் வாரியங்கள் பேரில் இருக்கிறது. அது காப்பாற்றுவது பெயரை. செருப்பின் வடிவத்தை அல்ல. வடிவத்தைக் காப்பாற்ற 2000ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்குப் ‘புதியது’ வேண்டும். பாட்டன் செய்த வடிவம் எப்படிப் புதியதாகும்? பிராடாவுக்கு எதிரான பொதுநல வழக்கை 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குறியீட்டுக்கு உரிமையாளர் வரட்டும் என்றது. தைத்தவன் வழக்கிலேயே இல்லை. அப்புறம் டிசம்பரில் அதே இரண்டு வாரியங்களோடு பிராடா ஒப்பந்தம் போட்டது. 2000 ஜோடி, ஜோடி ஏறத்தாழ 800 யூரோ என்று செய்தி. கூலி கூடினால் சந்தோஷம்தான். அடுத்த செருப்புக்குக் கோடு போடப்போவது யார் என்பதுதான் என் கேள்வி.

நான் வங்கியில் கிளார்க். பணம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று தினமும் பார்க்கிறவன். காலணி டிப்ளமோ படித்த தம்பி ஒருத்தன் கடன் கேட்டு வந்தான். சொந்தமாக ஒரு செருப்பு வரைந்து, நாலு முறை தைத்துப் பார்த்து, எடுத்து வந்திருந்தான். அவனுக்கு வேண்டியது லாஸ்ட், சோல் அச்சு, இன்னும் சில சாம்பிள்களுக்கான செலவு. அதிகாரி சொன்னார்: “ஏம்ப்பா, தையல் மெஷின் கேளு, கொட்டேஷன் வாங்கிட்டு வா, தர்றேன். கட்டைக்கும் காகிதத்துக்கும் நான் எதை ஈடா புடிக்கிறது?” மெஷினுக்குக் கடன் உண்டு, யோசனைக்குக் கிடையாது. மெஷின் வாங்கினால் அவன் இன்னொருத்தன் படத்தைத்தான் தைப்பான்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார்: “தோலை விட்டு வெளியே வா என்றுதானே இயக்கம் சொன்னது? நீ திரும்பவும் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே?” நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தார், 1954இல் அது ஒழிந்தது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள், அதில் செருப்புத் தைப்பதும் ஒன்று. கருவிக்கு 15,000 ரூபாய். ஊசி கொடுக்கிறார்கள், தோழர்களே. பென்சில் கொடுப்பதில்லை. தமிழக அரசு 2024இல் அதை அந்த வடிவில் ஏற்க மறுத்தது சரிதான்.

தோலை விட்டு வெளியேற நினைக்கிறவர்கள் வெளியேறட்டும், அது உரிமை. ஆனால் நாம் வெளியேறும்போது அந்த அறிவை மாடியில் இருப்பவனுக்கு இலவசமாக விட்டுவிட்டுப் போகவேண்டுமா? நான் கேட்பது பிள்ளைகள் தைக்க வேண்டும் என்றல்ல. அவர்கள் வரைய வேண்டும். செருப்பு மட்டுமல்ல, மிக்ஸி, நாற்காலி, பஸ் சீட்டு, சாக்கடைக்குள் மனுசனை இறக்காத எந்திரம், எல்லாவற்றையும். பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கிற அறைக்குள் நாம் இல்லாதவரை அந்தப் பொருள் நம் உடம்பை அறியாமலேதான் வரும்.

செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 2014இலும், காலணி வடிவமைப்பு நிறுவனத்துக்கு 2017இலும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. இரண்டாவதற்குச் சென்னை பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் வளாகம் இருக்கிறது. இடஒதுக்கீடும் இருக்கிறது. இன்ஜினியரிங், மெடிக்கல் தவிர வேறு கதவு இருப்பதே சேரிக்குத் தெரியாது. நுழைவுத் தேர்வில் படம் வரையச் சொல்வார்கள். டிராயிங் வாத்தியாரையே பார்க்காத பள்ளிப் பிள்ளை என்ன செய்யும்? நம் இரவுப் பாடசாலைகளில் கணக்கோடு சேர்த்து வரையவும் அளக்கவும் சொல்லிக்கொடுங்கள். வேலையிலிருந்து ஓய்ந்த சாம்பிள் ரூம் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவர்கள்தான் வாத்தியார்கள்.

தொழிற்சங்கத் தோழர்கள் கூலியோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: சாம்பிள் சீட்டில் பேட்டர்ன் போட்டவர் பெயர் வர வேண்டும், திருத்தியவர் பெயரும் வர வேண்டும். புவிசார் குறியீட்டை வைத்திருக்கிற வாரியங்களில் தைப்பவர்கள் உட்கார வேண்டும். தாட்கோவும் வங்கிகளும் அச்சுக்கும் சாம்பிளுக்கும் கடன் தர வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, செய்யாறு பக்கம் வேலை பார்க்கிற தோழர்களே, உங்கள் கம்பெனியில் யார் திருத்திய பேட்டர்ன் யார் பெயரில் போயிற்று என்று எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு இதழிலும் போடுவோம். அந்த மூணு மில்லிக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எங்காவது ஒரு காகிதத்தில் அச்சாக வேண்டும். நம் பத்திரிகையில் ஆரம்பிப்போம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக