நட்சத்திரக் குறியும் வேற்றுமை உருபும்

தமிழில் கட்டுரையும் கவிதையும் சேர்ந்து வரும் தளத்தை ஒரே மார்க்அப்பில் நடத்திவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டரில் இலக்கியத் தளம் தொடங்க நினைப்பவர்கள் யோசனை கேட்டால், தளத்தின் தோற்றத்தைப் பற்றிப் பேசும் முன்பே இதைத்தான் சொல்கிறேன்.

ஜெனரேட்டர் செய்யும் வேலை எளிது. நாம் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதுகிறோம். தலைப்பு எது, அழுத்தம் எது, மேற்கோள் எது என்று சில குறிகளால் காட்டுகிறோம்; இந்தக் குறிமுறைதான் மார்க்அப். அது அவற்றை வாசித்து எச்டிஎம்எல் பக்கங்களாக அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. டேட்டாபேஸ் வேண்டாம், சர்வரில் ஓயாமல் ஓடும் நிரல் வேண்டாம். எழுதியதெல்லாம் நம் கையில் கோப்பாகவே இருக்கிறது. தளம் மூடப்பட்டதும் அதிலிருந்த எழுத்தும் சேர்ந்து போய்விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பெரும்பாலோர் எடுப்பது மார்க்டவுன். 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்டது. அதன் குறிகளைப் பற்றி அவருக்கு யோசனை சொன்ன ஆரன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது 17 வயது. மக்கள் மின்னஞ்சலில் எழுதிப் பழகிய முறையையே ஒட்டி அமைத்ததால், குறிகளோடு வாசித்தாலும் கண்ணை உறுத்தாது. உரைநடைக்கு இதைவிட இதமான ஒன்றை நான் பார்த்ததில்லை. தலையங்கம், மதிப்புரை, பயணக் கட்டுரை எல்லாம் அதில் தாராளமாக எழுதலாம்.

வெண்பா வரும்போதுதான் தகராறு. நான்கடி வெண்பா ஒன்றைத் தட்டிப் பாருங்கள். முதல் மூன்று அடிக்கு நாலு நாலு சீர், ஈற்றடிக்கு மூன்று. அடி எங்கே முடிகிறது என்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. மார்க்டவுன் அதையும் ஒரு பத்தி என்று எடுத்துக்கொண்டு, நான்கு அடியையும் திரையில் ஒரே ஓட்டமாக ஓட்டிவிடும். வரியை முறிக்க வழக்கமான வழி, ஒவ்வொரு அடியின் முடிவிலும் இரண்டு இடைவெளி விடுவது. அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. கோப்பைச் சேமிக்கும்போது வரிக்கடைசி இடைவெளிகளைத் துடைத்துவிடும் எடிட்டர்கள் பல. மெய்ப்புப் பார்ப்பவர் எதைப் பார்த்துத் திருத்துவார்? அடிகளைக் கொஞ்சம் உள்தள்ளி அழகாக வைக்கலாமென்று நான்கு இடைவெளி விட்டாலோ, செய்யுள் முழுதும் கணினி நிரலாகக் கருதப்பட்டுத் தட்டச்சு எழுத்தில் வந்து நிற்கும். ஹ்யூகோ என்ற ஜெனரேட்டரில் எல்லா வரியையும் முறிக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. ஆனால் அது தளம் முழுவதற்கும் பொருந்தும். கட்டுரைகளில் வசதிக்காக மடக்கி எழுதிய வரிகளும் முறிந்துபோகும்.

மற்ற முறைகளை வகுத்தவர்கள் செய்யுளை மறக்கவில்லை. 2002இல் ஸ்டூவர்ட் ராக்கம் உருவாக்கிய ஆஸ்கிடாக்கில் சதுர அடைப்புக்குள் ‘வெர்ஸ்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால், கீழே உள்ளது செய்யுள் என்று அது புரிந்துகொள்ளும். கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தொடங்கிய ஆர்க் மோடிலும் அதே வசதி இருக்கிறது. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் ஒரு நெடுங்கோடு போட வேண்டும். அடியோடு உள்தள்ளலும் அப்படியே நிலைக்கும். இரண்டாம் அடியின் தனிச்சொல்லைத் தள்ளி வைத்துப் பதிப்பிக்கும் நம் வழக்கத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது.

இனி உருபு. தமிழ் எழுதுகிறவர் தினமும் இடித்துக்கொள்வது இங்கேதான். நூற்பெயரைச் சாய்வெழுத்தில் போட்டு ‘குறுந்தொகையில்’ என்று எழுத வேண்டும். சாய்வு பெயருக்கு மட்டும், உருபுக்கு வேண்டாம். மார்க்டவுனில் *குறுந்தொகை*யில் என்று நட்சத்திரக் குறி இட்டால் ஒழுங்காக வரும். அடிக்கோடு இட்டு _குறுந்தொகை_யில் என்று எழுதினால் வராது. இரண்டு கோடும் அப்படியே பக்கத்தில் தெரியும். நிரலாளர்கள் வைக்கும் பெயர்களுக்கு நடுவே அடிக்கோடு வருவது சகஜம் என்பதால், சொல்லுக்கு நடுவில் வரும் அடிக்கோட்டைக் குறியாக எடுக்கக் கூடாது என்பது 2014இல் வெளிவந்த காமன்மார்க் வரையறையின் விதி. அவர்கள் தேவைக்கு அது சரிதான். இன்னொரு விதி நம்மை அதிகம் வதைக்கிறது. **‘குறுந்தொகை’**யில் என்று இரட்டை நட்சத்திரம் இட்டு, மேற்கோள் குறியோடு தடித்த எழுத்தில் போட்டுப் பாருங்கள். மூடும் நட்சத்திரங்களுக்கு முன்னால் நிறுத்தக்குறி இருந்தால், பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தக்குறியோ இருந்தாக வேண்டும். நமக்கு அங்கே இருப்பது ‘யி’. ஆகவே நான்கு நட்சத்திரங்களும் வாசகர் கண்ணில் படும்.

மற்றவை இந்த இடத்தில் இன்னும் கறார். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் மூடும் குறிக்கும் உருபுக்கும் இடையே ஒரு பின்சாய்கோடும் இடைவெளியும் செருக வேண்டும். ஆஸ்கிடாக்கில் ஒற்றை அடிக்கோடு போதாது, __குறுந்தொகை__யில் என்று இரட்டையாக இட வேண்டும். ஆர்க் மோடில் அகலமே இல்லாத ஓர் இடைவெளி எழுத்தை நடுவில் ஒளித்து வைக்கச் சொல்கிறார்கள். இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த எழுத்து பக்கத்துக்கும் போய்ச் சேரும். பிறகு ‘குறுந்தொகையில்’ என்று யாராவது தேடினால் அந்த இடம் அகப்படாமல் போகலாம். ஆஸ்கிடாக்கின் இரட்டைக் கோடுதான் எனக்கு நேர்மையான வழியாகப் படுகிறது. கோப்பைத் திறப்பவர் அங்கே என்ன நடந்திருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ‘குறளில்’ போன்ற சொல்லில் எந்த முறையும் உதவாது. மெய்யும் உயிரும் ‘ளி’ என்று ஒரே எழுத்தாகிவிட்டன, நடுவே குறி நுழைய இடமில்லை. அங்கே சொல் முழுவதையும் சாய்த்துவிடுவதே நல்லது.

ஒரே தளத்தில் பல முறைகளைக் கலப்பது பெரிய வித்தையல்ல. ஹ்யூகோ கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்பதைப் பார்த்தே எந்த முறை என்று தெரிந்துகொள்கிறது. மார்க்டவுனும் ஆர்க் மோடும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆஸ்கிடாக்குக்கு ஆஸ்கிடாக்டர் என்ற நிரலைத் தனியாக நிறுவி, அதை இயக்கப் பாதுகாப்பு அமைப்பில் அனுமதியும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் வெளி நிரலைக் கூப்பிடுவதால் தளம் உருவாக நேரம் கூடும். ஆஸ்கிடாக்டர் ஒவ்வொரு பத்தியையும் கூடுதலாக ஒரு பெட்டிக்குள் வைத்துத் தருவதால், மார்க்டவுனை மனத்தில் வைத்துச் செய்த தீம் அங்கங்கே பிசகும். சிஎஸ்எஸ்ஸில் சில வரிகள் சேர்க்க வேண்டியிருக்கும். அதன் பிடிஎஃப் கருவி தமிழுக்கு இன்னும் ஆகாது, கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பிடிஎஃப் வேண்டுமென்றால் எச்டிஎம்எல் பக்கத்தை பிரவுசரில் திறந்து அச்சிடுவது எளிய வழி.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கலாம். தமிழ் நூல்களை மின்பதிப்பாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய எழுத்துருக் குறியீடுகளில் இருந்த நூல்களைப் பின்னால் யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. டெக்ஸ்டாக இருந்ததால் கொண்டுவர முடிந்தது. நாம் இன்று எழுதும் மார்க்அப்பையும் ஒருநாள் யாரோ மாற்றத்தான் போகிறார்கள். ஜான் மேக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் 2006இல் வெளியிட்ட பாண்டாக் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் மாற்றிக் கொடுக்கிறது. ஆனால் கோப்பில் சொல்லி வைத்ததை மட்டும்தான் அதனால் கொண்டுபோக முடியும். நெடுங்கோடு போட்டு எழுதிய செய்யுளைச் செய்யுளாகவே கொண்டுபோகிறது. வரிக்கடைசி இடைவெளியால் முறித்ததை வரி முறிந்த ஒரு சாதாரணப் பத்தியாகத்தான் பார்க்கிறது.

அதனால் இரண்டு முறை போதும் என்பது என் கருத்து: உரைநடைக்கு மார்க்டவுன், செய்யுளும் உரையும் அடிக்குறிப்பும் பின்னிய பக்கங்களுக்கு ஆஸ்கிடாக். மூன்றாவது சேர்ந்தால் தளத்துக்கு எழுதித் தருகிறவர்கள் குழம்பிவிடுவார்கள். தீம் தேடும் முன்பு ஒரு சோதனைக் கோப்பு எழுதுங்கள்: ஒரு வெண்பா, உருபு ஒட்டிய நூற்பெயர்கள் சில, மேற்கோள் குறிக்குள் ஒரு தடித்த சொல், ஓர் அடிக்குறிப்பு. எந்தக் கருவியாக இருந்தாலும் அதை ஓட்டிப் பாருங்கள். தடித்த எழுத்துக்கான அந்த விதி தங்களையும் படுத்துகிறது என்று ஜப்பானியரும் கொரியரும் காமன்மார்க் விவாதங்களில் எடுத்துக்காட்டுகளோடு முறையிட்டிருக்கிறார்கள். சோதனையில் உடைகிற நம் வாக்கியங்களையும் அங்கே அனுப்பி வைப்போம்.