பிள்ளையின் தலைக்கும் சட்டம் உண்டு

சென்னைப் போக்குவரத்துக் காவல் கூடுதல் ஆணையர் அவர்களுக்கு,

பெருங்குடிப் பள்ளி வாசல்களில் காலை எட்டு மணிக்கு வந்து பாருங்கள். வண்டி ஓட்டும் அப்பா ஹெல்மெட் போட்டிருப்பார். முன்னால் நிற்கும் பிள்ளையும் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் வெறுந்தலையோடு வருவார்கள். அப்பாவின் தலையை மட்டும் பார்த்துவிட்டு, காவலர் வண்டியை அனுப்பிவிடுகிறார்.

சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, நான்கு வயதைத் தாண்டிய எல்லோரும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. அதற்கும் சிறிய குழந்தைகளுக்கான தனி விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது: தலைக்கவசம், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம்.

உடம்பின் அளவுக்குக் குழந்தையின் தலை பெரியது, கழுத்தின் பலமோ குறைவு. அதனால் விழும்போது தலை எளிதில் அடிபடுகிறது. மண்டை உடையாமலேயே உள்ளே மூளை குலுங்கி ரத்தம் கசியலாம். உயிர் தப்பிய பிள்ளைக்கும் பாடத்தில் கவனம் நிற்காமல் போகலாம், படித்தது மறக்கலாம், சட்டென்று கோபம் வரலாம். வெளிக்காயம் ஆறிவிட்டதால் வகுப்பில் அந்தப் பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் இறப்பை 42 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது.

"ரெண்டு தெருதானே" என்பார்கள் பெற்றோர். அந்த இரண்டு தெருவும் முடிவது மெட்ரோ பணியால் குறுகிப்போன ஓஎம்ஆரில், தண்ணீர் லாரிகளின் பக்கத்தில். 2025 ஜூனில் பெரம்பூரில், அம்மாவின் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன பத்து வயதுச் சிறுமி தண்ணீர் லாரி மோதித்தான் இறந்தாள்.

நான்கு கோரிக்கைகள். முதல் ஒரு மாதம் பள்ளி வாசல்களில் எச்சரியுங்கள்; அதன்பின் பிள்ளைக்கு ஹெல்மெட் இல்லையென்றாலும் அபராதம் விதியுங்கள். பெரியவர்களின் பழைய ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டால் போதாது, அளவு பொருந்தி, ஐஎஸ்ஐ முத்திரையோடு, தாடைப் பட்டை பூட்டியிருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே காட்டுங்கள். வகுப்பில் ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அலமாரி வைக்கச் சொல்லிப் பள்ளிகளிடம் பேசுங்கள். பள்ளி நேரத்தில் கனரக வாகனங்களுக்கு உள்ள தடையைத் தளர்வில்லாமல் நடத்துங்கள்.

2012 ஜூலையில் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குச் சிறப்பு விதிகள் எழுதப்பட்டன. இங்கே விதி ஏற்கெனவே இருக்கிறது. அதைச் செயல்படுத்த இன்னொரு மரணம் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பெருங்குடியில் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்