லிப்ற் தூக்கவில்லை என்பதற்காக மஸியை விற்கலாமா?

எமது விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் வளவுகளில் பழைய மஸி பேர்குசன் உழவு இயந்திரமொன்று நிற்கின்றது. எஞ்சின் வேலை செய்யும், பெட்டி இழுக்கும். ஆனால் பின்னால் கலப்பையைக் கொழுவினால் தூக்காது. “ஹைட்றோலிக் பம் போய்விட்டது, புதிது போட வேண்டும்” என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுவார். பம்மின் விலையைக் கேட்டதும் வீட்டுக்காரருக்கு மனம் உடைந்துபோகும். இயந்திரத்தை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு, லீசிங்கில் புதியதொன்றை எடுப்பார். ஒரு போகம் பிழைத்தால் தவணை கட்ட முடியாமல் புதியதும் போய், கடன் மாத்திரம் மிஞ்சும். இவ்வாறு விற்கப்படும் இயந்திரங்களுட் பல, விற்கத் தேவையில்லாதவை என்பதே எனது கருத்து.

இந்தப் பழுது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வெளியேறியபோதும், 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தபோதும் உழவு இயந்திரம் உழவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களையும் முதியோரையும் நெல் மூடைகளையும் கூரைத் தகரத்தையும் பெட்டியில் ஏற்றி இழுத்தது. பெட்டி இழுப்பதற்கு லிப்ற் தேவையில்லை. மாதக்கணக்காக அசையாதிருந்த வால்வு இறுகும், றப்பர் சீல் காய்ந்து வெடிக்கும். கியர் தடியின் அடியிலுள்ள றப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். 2009இல் முல்லைத்தீவுக் கரையோரத்தில் கைவிடப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டவை உப்புக்காற்றில் கிடந்தவை. அண்மையில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் அமிழ்ந்தவையும் இந்த வரிசையிற் சேர்ந்துகொண்டன. ஆகவே இது இயந்திரத்தின் வயதால் மட்டும் வந்த வருத்தமல்ல.

மஸி 35, 135 ஆகிய மாதிரிகளில் கியர் பொக்ஸ், பின் அச்சு, ஹைட்றோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். ஏறத்தாழ 30 லீற்றர் கொள்ளும். பம் அந்த ஒயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கின்றது. பம் தள்ளும் ஒயில், சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ள, லிப்ற் கைகள் எழும்பும். இதில் கவனிக்க வேண்டியது, கட்டுப்பாட்டு வால்வு பம்மின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதாகும். வால்வு திறந்தாற்தான் பம்முக்கு ஒயில் கிடைக்கும். வால்வு மூடியபடி இறுகிவிட்டால், எவ்வளவு நல்ல பம்மும் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே வெளியில் நின்று பார்த்துவிட்டு ‘பம் போய்விட்டது’ என்று எவராலும் அறுதியிட்டுக் கூறமுடியாது. கூறுபவர் ஊகிக்கிறார். அந்த ஊகத்துக்குப் பணம் கொடுப்பது நீங்கள்.

பணம் செலவில்லாத சோதனைகள் சில உண்டு. கிளச்சை முழுதாக மிதித்தால் பம் நின்றுவிடும். எனவே காலை எடுத்துவிட்டே தூக்கிப் பாருங்கள். ஆசனத்துக்கு அருகே இரண்டு லீவர்கள் உண்டு. ஒன்று கலப்பை நிற்கும் உயரத்துக்கு, மற்றது உழும்போது இழுவையின் பாரத்துக்கேற்பத் தானாகவே ஏற்றி இறக்குவதற்கு. ஒன்று கீழே கிடக்க மற்றதை மாத்திரம் மேலே தள்ளிவிட்டு ‘தூக்கவில்லை’ என்பவர்கள் உளர். இரண்டையும் மேலே வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஒயில். அளவுக் கம்பியை இழுத்து அளவையும் நிறத்தையும் பாருங்கள். பால் தேநீர் போலிருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. இயந்திரத்தை ஓர் இரவு அசையாமல் விட்டு, காலையில் ஸ்ராட் பண்ணுமுன் அடியிலுள்ள ஒயில் வடிக்கும் ஆணியை மெல்லத் தளர்த்தினால், அடியிற் தங்கிய தண்ணீர் முதலில் வரும். இந்த ஆணிகள் ஒன்றுக்கு மேல் இருப்பதால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். விசுவமடுப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் 35இலிருந்து இவ்வாறு அரை வாளி தண்ணீர் வந்ததை நான் கண்டிருக்கிறேன். அதற்குப் பம் மாற்ற விலை பேசி முடித்திருந்தார்கள்! வெள்ளத்தில் அமிழ்ந்த இயந்திரமாயின், ஒயிலை வடித்துப் பார்க்காமல் ஸ்ராட் பண்ணவே கூடாது. மாற்றும்போது கடையில் கியர் ஒயில் என்று தரும் தடித்த 140ஐ ஊற்றாதீர்கள். கியருக்கும் ஹைட்றோலிக்குக்கும் பொதுவான உழவு இயந்திர ஒயிலைக் கேட்டு வாங்குங்கள். ஒயில் இல்லாத காலத்தில் கிடைத்ததை ஊற்றிச் சமாளித்தோம். அந்தப் பழக்கம் இன்னும் சிலரிடம் போகவில்லை.

ஒயில் சரியாயின், கலப்பையைக் கொழுவித் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். சில நிமிடங்களுள் இறங்கிவிட்டால் உள்ளே எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் பிஸ்டனின் சீல், அல்லது பம்மிலிருந்து மேலே செல்லும் குழாயின் ஓ-றிங். எஞ்சின் ஓடும்போது கலப்பை தலையாட்டுவது போல மேலும் கீழும் துள்ளினாலும் இதே காரணந்தான்: ஒழுகி இறங்க இறங்கப் பம் திரும்பத் தூக்குகிறது. காலையில் குளிரில் தூக்கி, மத்தியானம் சூடேறியதும் தளர்ந்துபோனால் சீலோ பம்மோ தேய்ந்துள்ளது. சூட்டில் ஒயில் இளகி வழிகிறது. வெறுங் கையைக்கூடத் தூக்காவிட்டால் வால்வில் சந்தேகம் வைக்கலாம். 135இல் பம்மின் உறிஞ்சும் வடியையும் கழற்றிக் கழுவிப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கு மேல், பக்க மூடியைத் திறந்து பார்ப்பது பழகிய கைக்குரிய வேலை. மூடியின் மட்டத்துக்குக் கீழே ஒயிலை வடித்துவிட்டுத் திறந்தால், எங்கே ஒழுகுகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். உள்ளே தண்டு சுழலும், கை வைக்கக்கூடாது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தூக்கிய கலப்பையின் கீழ் எவரும், ஒரு நிமிடமேனும், புகக்கூடாது. சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கத்தைத் தாங்கிநிற்பது ஒரு பழைய சீல். அது விடும்போது சொல்லிவிட்டு விடாது. கலப்பையை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்திய பின்னரே ஆணியில் சாவியை வையுங்கள். பிள்ளைகள் பின்னால் விளையாடாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

கராஜில் ஏமாறுபவர்களுள் கணவரை இழந்த பெண்களையே அதிகம் காண்கிறேன். இயந்திரம் அவருடைய பெயரில் இருந்தது, ஓட்டியதும் அவரே. இப்போது அதன் நன்மை தீமையை இந்தத் தாய் இன்னொருவர் வாயிலிருந்தே கேட்கவேண்டியுள்ளது. மேலே சொன்ன சோதனைகளில் எதற்கும் ஆண்பலம் தேவையில்லை. “எங்கே ஒழுகுகிறது, காட்டுங்கள், தம்பி” என்று கேட்கும் அக்காவிடம் விலை தானாகக் குறையும்.

நிறுவனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய இயந்திரம் வழங்கும் விழாவுக்கு மாலையும் படப்பிடிப்பும் உண்டு. சீல் பெட்டியொன்று வழங்குவதற்கு விழா கிடையாது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபின் உதிரிப்பாகங்களின் விலை ஏறியிருக்கின்றது. ஒவ்வொரு கமக்கார அமைப்பிடமும் 35க்கும் 135க்குமான சீல், ஓ-றிங் தொகுதி ஒன்றிரண்டும், மேல் மூடியைத் தூக்கும் சங்கிலிக் கப்பி ஒன்றும், இதில் பயிற்சி பெற்ற இரண்டு இளைஞரோ யுவதிகளோ இருந்தால், ஊரில் பாதி இயந்திரங்கள் வயலுக்குத் திரும்பும் என நான் நம்புகிறேன். இதற்கு ஆகும் பணம் ஒரு புதிய உழவு இயந்திரத்தின் விலையில் சிறு பங்கே.

ஐப்பசி மழை விழுந்த பிறகு லிப்ற்றைப் பற்றி யோசித்துப் பயனில்லை. புரட்டாதியிலேயே கராஜ்களில் வரிசை நிற்கும். கேட்ட விலை கொடுக்கவேண்டி வரும். ஆவணியில் மெக்கானிக்மாருக்கும் நேரமிருக்கும், உங்களுக்கும் பேரம்பேச இடமிருக்கும். கலப்பையைக் கொழுவி, தூக்கி, எஞ்சினை நிறுத்திப் பார்ப்பதற்குக் கால் மணித்தியாலம் போதும்.